பச்சை விழாத பெயர்

2024 அக்டோபர் 7, திங்கள்

தேனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

ஆபீசில் மறுபடி தின்னர் வாடை. ஜோயல் சாரின் அப்பா கீழே பெயின்ட் கடை வைத்திருக்கிறார், மேலே மகன் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றால் சாரும் நானும். சென்னையில் வேலை போய் ஊர் திரும்பியவளுக்கு இதுவே பெரிது என்று கே.கே.பட்டியில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களை ஒருநாள் இந்த நாற்காலியில் உட்கார்த்தி வைக்க வேண்டும்.

ஏலக்காட்டு ஆப் இந்த வாரம் ஜீப்காரர்கள் கைக்குப் போய்விடும். கோடையில் மலையில் ஒரு ஜீப் கவிழ்ந்தபோது உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நம் பக்கத்து ஜீப்காரர்களும் கேரளாவின் எஸ்டேட்காரர்களும் சேர்ந்து இதைக் கேட்டார்கள். காலையில் பெண்கள் ஏறும்போது டிரைவர் போனில் ஒவ்வொரு பெயராகத் தொடுவார். பச்சை விழுந்தால் எஸ்டேட் கேட்டில் உள்ளே விடுவார்கள். அடிபட்டால் இன்சூரன்ஸும் உண்டு. பச்சை இல்லையென்றால் ஒன்றும் இல்லை.

ஒரு பெண்ணின் ஒருநாள் வேலை என்பது ஒரு ரெக்கார்டு. அதற்கு மேலே தாய் ரெக்கார்டு இரண்டு. ஒன்று அவள் ஏறிய ஜீப், இன்னொன்று அவள் வேலை செய்யும் எஸ்டேட். இரண்டில் எது இல்லாவிட்டாலும் சேவ் ஆகக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். "ஒன்னு இருந்தாப் போதும்னு விடு ரீட்டா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சார். முடியாது என்றேன். ஒரே ஜீப்பில் ஏறுகிற பெண்கள் மேலே போய் ரெண்டு மூன்று எஸ்டேட்டுக்குப் பிரிகிறார்கள். ஜீப்பை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் காட்டில் போய்த் தேடுவது? இந்த ஒரு விஷயத்தில் எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது.

அக்டோபர் 9, புதன்

முதல் நாள். அஜய்குமார் அண்ணன் ஜீப்பில் ஆரம்பித்தோம், அம்மா போகிற ஜீப். எல்லாப் பெயருக்கும் பச்சை விழுந்தது. போன வாரத்து லிஸ்டை வாங்கி நானே எல்லோருக்கும் எஸ்டேட்டை ஏற்றி வைத்திருந்தேன். கடைசியாகப் போன எஸ்டேட்டையே ஆப் தானாக எடுத்துக்கொள்ளும். இருட்டில், மழையில், டிரைவர் ஒவ்வொருத்திக்கும் எஸ்டேட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அம்மா சாயங்காலம் இறங்கி வந்ததும் சொன்னாள்: "எம்பேரு எரிஞ்சுச்சுடி, பச்சையா."

ஒருநாளும் என் வேலையைப் பற்றி அவள் இப்படிப் பேசியதில்லை. பெருமையாக இருந்தது. எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 12, சனி

அம்மாவோடு சின்னச் சண்டை. சிரிப்புச் சண்டைதான்.

இந்தப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, இடம் காக்கிறது என்பார்கள். ஒருத்திக்கு உடம்பு சரியில்லையென்றால் தனக்குப் பதிலாகத் தெரிந்தவள் ஒருத்தியை ஜீப்பில் அனுப்புவாள். பேர் இவளுடையது, வேலை அவளுடையது, அன்றைய கூலியும் அவளுக்கே. அனுப்பாவிட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது ஏறிவிடுவார்கள், ஏறியவள் இறங்கமாட்டாள். இப்போது எஸ்டேட்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பேர் மாற்றி ஆள் வந்தால், அனுப்பியவளுக்கு மேலே எந்த எஸ்டேட்டிலும் வேலை இல்லை.

"காய்ச்சலு என்ன ஒங்க மிஷின்ட்ட கேட்டுட்டா வரும்?" என்றாள் அம்மா.

"வந்தா வீட்ல படும்மா. போறவங்க அவங்க பேர்லயே புது ஆளா ஏறட்டும். அது தப்பில்ல, அதுக்கும் ஆப்புல இடம் வச்சிருக்கேன்" என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

அம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். விடியுமுன்னே எழுந்து போர்வையோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். கருத்தம்மா அத்தை. அவள் இந்த சீசனில் மலைக்கே போகவில்லை, திராட்சைத் தோட்ட வேலையோடு இருந்தாள். அம்மாவுக்காக ஒத்துக்கொண்டாள். "மதினி எடத்த எவளும் புடிச்சிரக் கூடாது" என்று சொல்லித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே கத்தினேன், "அத்தை, ஒங்க பேர்லயே ஏத்தச் சொல்லுங்க, புது ஆளுன்னு." கையை ஆட்டினாள்.

நான் இன்று வீட்டிலிருந்தே வேலை. கஞ்சி வைத்தேன், அம்மா ரெண்டு வாய் குடித்தாள்.

மத்தியானம் போன். அத்தை மழையில் சரிவில் காய் எடுக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாளாம். இடுப்பு. எழுந்திரிக்க முடியவில்லையாம். அஜய்குமார் அண்ணன்தான் ஜீப்பில் படுக்க வைத்துக் கீழே கொண்டுவந்தார்.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

அக்டோபர் 18, வெள்ளி

ஆஸ்பத்திரி. இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. அத்தையின் மகள் பாண்டீஸ்வரி தலைமாட்டில் நின்றாள். புருஷன் திருப்பூரோடு போய்விட்டான், இவளும் கைப்பிள்ளையும் அத்தையை நம்பித்தான் இருக்கிறார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குப் புரியாதது எனக்குப் புரியுமென்று நம்புகிறாள். படித்தவளாம் நான்.

வெளியே அஜய்குமார் அண்ணனைப் பிடித்தேன். அத்தை பேருக்குப் பச்சை விழுந்ததா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மொதல்ல அவுக பேரத்தான் போட்டேன் தங்கச்சி. செகப்பாவே வருது. எஸ்டேட் எங்கங்குது. எஸ்டேட்டப் போடலாம்னு போனா, மொதல்ல ஆள சேவ் பண்ணுங்குது. பின்னால இருக்குற ஜீப்புக்காரன் ஆரன விடவே இல்ல. மழ வேற. சரின்னு ஒங்கம்மா, பிலோமினாக்கா பேரத் தொட்டேன். டக்குனு பச்ச."

அதாவது நேற்று மலைக்குப் போனது அம்மா. வீட்டில் காய்ச்சலில் கிடந்து கஞ்சி குடித்தது யாரென்று டேட்டாபேஸுக்குத் தெரியாது.

அக்டோபர் 19, சனி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, நான் எழுதியதுதானே.

பழைய ஆளுக்குக் கடைசியாகப் போன எஸ்டேட் இருக்கிறது, ஆப் அதை எடுத்துக்கொள்கிறது. புது ஆளுக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஜீப் பக்கத்திலிருந்து சேவ் செய்தால் எஸ்டேட் இல்லையென்று திருப்பி அனுப்புகிறது. எஸ்டேட் கட்டமோ ரெக்கார்டு சேவ் ஆன பிறகுதான் திறக்கும். இரண்டும் வேண்டுமென்று வாசலில் காவல் வைத்தேன், இரண்டையும் சேர்த்து உள்ளே கொண்டுவர வழி வைக்கவில்லை. சோதித்ததெல்லாம் பழைய பெயர்களை வைத்து. புது ஆளை வைத்து ஒரு தடவைகூட சேவ் செய்து பார்க்கவில்லை.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால்—

அக்டோபர் 21, திங்கள்

எஸ்டேட் சூப்பர்வைசர் ஷாஜிக்கு நானே போன் செய்தேன். அமைதியாகத்தான் ஆரம்பித்தேன்.

"அவரு நம்மட ஆளு அல்ல மோளே. லிஸ்டுல பேரு இல்ல. காட்டு வழி கேறி வந்ததாணு. கையில காயும் உண்டாயிருந்நு."

காட்டு வழியில் ஏறி வந்து காய் திருடியவளாம். முதலாளி போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம். ஏலக்காய் விற்கிற விலைக்கு இப்படி நிறையப் பேர் ஏறி வருகிறார்களாம். காய் எடுக்க வந்தவள் கையில் காய் இல்லாமல் கிரிக்கெட் பந்தா இருக்கும்? கேட்டேன். வைத்துவிட்டான்.

அஜய்குமார் அண்ணனிடம் ஓடினேன். "நீங்க சொல்லுங்கண்ணே, ஒங்க ஜீப்புலதான ஏறுனாக." அவர் டயரை உதைத்துக்கொண்டே நின்றார்.

"நான் ஏத்தலன்னு சொல்லிட்டேன் தங்கச்சி. விழுந்து கெடந்தவகளத் தூக்கிட்டு வந்தேன்னு மட்டும் சொல்லிருக்கேன். பேர் மாத்தி ஏத்துனேன்னு தெரிஞ்சா என் ஜீப்பையே மேல விடமாட்டாக. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

ஜீப்பும் இல்லை என்கிறது. எஸ்டேட்டும் இல்லை என்கிறது. அப்படியென்றால் அத்தை மலைக்குப் பறந்தா போனாள்?

இடுப்பொடிந்து கிடக்கிறவளைத் திருடி என்கிறார்கள். எழுதவே கை கூசுகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

சார் முந்திக்கொண்டார். எஸ்டேட்காரர்கள் சங்கத்தில் அன்றைய லிஸ்ட் கேட்டார்களாம், அனுப்பிவிட்டாராம். பிலோமினா, அஜய்குமாரின் ஜீப், கல்லுமேடு எஸ்டேட். சுத்தமான ரெக்கார்டு.

நடந்ததைச் சொன்னேன். அம்மா வீட்டில் இருந்ததையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரீட்டா, நம்ம ஆப் சரியா வேலை செஞ்சிருக்கு. ரெண்டு லிங்கும் இருக்கு. டிரைவர் தப்பாத் தொட்டா அது நம்ம தப்பில்ல. புது ஆளு சேவ் ஆகலைங்கிறத வெளிய சொன்னேன்னு வை, நாளைக்கு எந்த சங்கமும் நம்மகிட்ட வராது. அதோட, யாருக்கு வேலை போகும்? ஒங்கம்மாவுக்கு. எதையும் தொடாத."

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

வரும்போது கோயிலில் அந்தோணியார் நவநாள் நடந்துகொண்டிருந்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர். உள்ளே போகவில்லை. ஐயா, இங்கே எதுவும் காணாமல் போகவில்லை. எல்லாம் எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபர் 24, வியாழன்

அம்மா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அதே ஜீப், அதே இடம். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போகவில்லை.

இன்று கேட்டே விட்டேன். "நீ சொன்னா முடிஞ்சிரும்லம்மா? அன்னைக்கு நான் வரல, எனக்குப் பதிலா வந்தது அவதான்னு ஒரு வார்த்தை."

"சொன்னா எனக்கு எடம் போயிரும்."

"அவளத் திருடின்னு சொல்றாங்க."

"எனக்குக் காது இல்லையா?"

"பெறகு?"

"பெறகு என்ன பெறகு? ஒங்கப்பா போன மறுவாரம் ஏறுன ஜீப்புடி அது. ஒன்னப் படிக்க வச்சது அந்த எடம். ஒனக்குச் சம்பளம் வர்ற மாசம் வருது, வராத மாசம் வரல. அந்த எடம் போனா இங்கன என்னத்த வச்சு ஒலை வைக்கிறது?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். மகள் தாயிடம் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை சொன்னேன்.

அவள் கத்தவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீ எழுதுன மிஷினுதான எம்பேரப் போட்டுச்சு? அதுட்ட சொல்லச் சொல்லு."

அக்டோபர் 25, வெள்ளி

பேச்சு வார்த்தை இல்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

அக்டோபர் 26, சனி

சார் ஊரில் இல்லை. ஆபீஸ் சாவி என்னிடம். செய்துவிடலாம் என்று போனேன்.

கையால் ஒரு ரெக்கார்டு போட எவ்வளவு நேரமாகும்? கருத்தம்மாள். ஜீப், அஜய்குமாருடையது. எஸ்டேட், கல்லுமேடு. தேதி பதினேழு. இரண்டு தாயையும் நானே கட்டிவிட்டால் எந்தக் காவலும் தடுக்காது, காவல் வைத்தவளே நான்தானே. எல்லாம் உண்மை வேறு. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

எழுதினேன். ஆனால் ஓட்டி உள்ளே ஏற்றவில்லை. ரெக்கார்டு பிறந்த நேரம் அதன் பக்கத்திலேயே பதிந்துவிடும். பதினேழாம் தேதி வேலைக்கு இருபத்தாறாம் தேதி பிறந்த ரெக்கார்டு. அதுவும் யாருடைய லாகினில்? ஏற்கெனவே அனுப்பிய லிஸ்டில் இல்லாத பெயர் இதில் இருந்தால், திருடிக்குத் துணைபோன கள்ளி என்பார்கள். நேரத்தையும் மாற்றலாம். மாற்றத் தெரியும். மாற்றினால், நாளைக்கு இந்த ஆப்பில் இருக்கிற எந்தப் பச்சையை யார் நம்புவது?

உண்மையைச் சேர்க்கக்கூடப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் உண்மை வெளியே நிற்கிறது. என்ன வேலை இது. என்ன எழவு வேலை இது. படிச்சு என்னத்தக் கிழிச்சேன் நான்?

திரையை மூடிவிட்டுக் கீழே வந்தேன். பெயின்ட் கடையில் ஒருவர் வீட்டுக்கு எந்தப் பச்சை நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜோயல் சாரின் அப்பா என்னம்மா என்றார். தின்னர் வாடை என்றேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

இன்று போலீஸ்காரர் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வந்து அத்தையிடம் எழுதி வாங்கியிருக்கிறார். நான் போனபோது முடிந்துவிட்டது. வார்டில் மற்ற நோயாளிகள் எல்லோரும் அத்தையை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். பாண்டீஸ்வரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தாள்.

"என்னத்தை சொன்னீங்க?"

"வேலைக்கு வந்தேன்னு சொன்னேன்."

"யாருக்குப் பதிலான்னு கேட்கலையா?"

"கேட்டாக." வலிக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். "நானாத்தான் போனேன்னு சொல்லிட்டேன். ஒங்கம்மா எடத்தக் காக்கத்தான போனேன்? நானே அதக் கெடுத்தா நல்லாவா இருக்கும்?"

அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்குப் போலக் கத்தாமல் இன்று சாதாரணமாகத்தான் சொன்னேன். அத்தை சொன்ன வார்த்தையை அப்படியே. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. ஆனால் அதே அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எதிர்வீடு பூட்டியிருக்கிறது. வருஷா வருஷம் அங்கிருந்துதான் நமக்குப் பலகாரம் வரும்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்தோம். அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றாமல் கையிலேயே வைத்திருந்தாள். ஏனம்மா என்றேன். காற்றடிக்கிறது என்றாள். காற்றே இல்லை. சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் எரிந்துகொண்டிருந்தது.

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்தபோதுதான் ஏற்றினாள். ஏற்றிவிட்டு, "திங்கக்கெழம ஜீப்பு ஓடுமாடி?" என்று கேட்டாள். தீபாவளி லீவு முடிந்து ஓடும் என்றேன்.

நவம்பர் 4, திங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

எஸ்டேட் கேட்டில் இருக்கிற போனில் லிஸ்ட் வர நேரமாகிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வா என்று சார் அனுப்பினார். அம்மாவோடு அதே ஜீப்பில் போனேன். இன்றுதான் முதல் தடவை. இத்தனை பேரை இந்தப் பெட்டிக்குள் எப்படி அடுக்குகிறார்கள்? ஒருத்தி முழங்கால் மேல் இன்னொருத்தி. வளைவு வந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறோம். நான் ஆபீசில் உட்கார்ந்து வரிசையாக அடுக்கிய பெயர்கள் எல்லாம் என் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தன.

கேட்டில் ஷாஜி போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு உள்ளே விட்டான். அம்மா முறை வந்தது. உள்ளே போகவில்லை.

"பிலோமினா, வா."

"வர்றேன். அதுக்கு முன்னாடி, அந்தப் பதினேழாந்தேதி அதுல எம்பேரு இருக்குல்ல? அது தப்பு. அன்னைக்கு நான் வரல."

"கம்ப்யூட்டர் உண்டுன்னு சொல்லுதே."

"நான் காய்ச்சலோட வீட்ல கெடந்தேன். எனக்குப் பதிலா வந்தது கருத்தம்மா. நான்தான் அனுப்புனேன். எழுப்பி அனுப்புனேன்."

அஜய்குமார் அண்ணன் ஜீப்பிலிருந்து குதித்து வந்தார். "யக்கா, யக்கா, வாயத் தெறக்காதீக." அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஷாஜி மலையாளத்தில் ஏதோ வேகமாகச் சொன்னான். அம்மாவும் பாதி மலையாளத்தில் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு இவ்வளவு மலையாளம் தெரியுமென்று எனக்கு இன்றுதான் தெரியும்.

"அன்னைக்கு எம்பேருல ஒருத்தி உள்ள வந்தாளா இல்லையா? நீதான சாக்கு எடுத்துக் குடுத்த? எனக்கா குடுத்த? என் மூஞ்சி ஒனக்குத் தெரியாதா? எத்தன வருசமாப் பாக்குற? பேரு இருக்குன்னா ஆளு வந்திருக்கு. நான் வரல. அப்ப வந்தது யாரு, சொல்லு."

அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவன் கையால்தான் சாக்குக் கொடுத்திருக்கிறான். முதலாளி கேட்டபோது, லிஸ்டில் இல்லாதவளைத் தெரிந்தே உள்ளே விட்டதைச் சொல்ல அவனுக்கும் பயம். எல்லோருக்கும் அந்தப் பச்சை மேல் பயம்.

நான் முன்னால் போனேன். "அந்த ரெக்கார்டுல ஜீப்பும் சரி, எஸ்டேட்டும் சரி. நீங்க ரெண்டு பேருமே அந்த லிஸ்ட்ட ஒத்துக்கிட்டிருக்கீங்க. ஆள் பேரு மட்டும் தப்பு. புது ஆளச் சேவ் பண்ண முடியாம வச்சது நான். நான்தான் இத எழுதுனவ" என்றேன்.

அப்புறம் உள்ளே போய்விட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்குத் திரும்பி வந்தார்கள். "என் நெரையிலதான் எடுத்தாக." "சோறு எங்கூடத்தான் தின்னாக." "நான்தான் தூக்குனேன் அவுகள." யாரும் சொல்லச் சொல்லவில்லை. இத்தனை நாளாக எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது ஒருத்தியின் இடத்துக்காக. அவளே விட்டுவிட்ட பிறகு காக்க ஒன்றும் இல்லை.

ஷாஜி முதலாளியைப் போனில் கூப்பிட்டான். நெடுநேரம் பேசினான். கடைசியில் அம்மாவைப் பார்த்து, "நீ இன்னிக்கு கேறண்ட" என்றான். ஏற வேண்டாம். அவன் குரலில் கோபம் இல்லை.

நானும் அம்மாவும் சாயங்காலம்வரை கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தோம். தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டோம். அவள் கருவாட்டை மட்டும் எடுத்து என் பக்கம் வைத்தாள்.

நவம்பர் 7, வியாழன்

திருட்டுப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்சூரன்ஸுக்கு இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்குத் தேதி வந்துவிட்டது.

அஜய்குமார் அண்ணன் ஜீப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும்.

சங்கத்திலிருந்து சாருக்கு ஒரு வரி. பதினேழாம் தேதி ரெக்கார்டைத் திருத்தவும், பிலோமினாவின் பெயரை எல்லா எஸ்டேட்டிலிருந்தும் எடுக்கவும். சார் தானே செய்வதாகச் சொன்னார். வேண்டாம், நான் செய்கிறேன் என்றேன்.

முதலில் திருத்தினேன். திருத்திய தேதியையும் காரணத்தையும் பக்கத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்தேன். அப்புறம் அம்மாவின் பெயரை எடுத்தேன். "நிச்சயமாக நீக்கவா?" என்று கேட்டது. அந்தக் கேள்வியையும் நான்தான் எழுதி வைத்தேன். சனியன்.

நவம்பர் 13, புதன்

புதுத் திரை முடிந்தது. ஆள், ஜீப், எஸ்டேட் மூன்றையும் முதலிலேயே ஒரே இடத்தில் கேட்கும். மூன்றும் கைக்கு வரும்வரை எதையும் எழுதாது. வந்த பிறகு ஒரே தடவையில் சேவ். ஒன்று தவறினால் எதுவும் பாதியில் நிற்காது. சிக்னல் இல்லாவிட்டால் போனிலேயே காத்திருக்கும். ஒருத்திக்குப் பதில் ஒருத்தி வந்தால் அதைச் சொல்லவும் ஒரு கட்டம் வைத்தேன். எஸ்டேட்காரர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுத்தேன். இந்த சீசன் முடியட்டும், மறுபடி கேட்பேன்.

சார் சம்பளம் போட்டார். போடுவார் என்று நினைக்கவில்லை.

நவம்பர் 20, புதன்

ஆபரேஷன் முடிந்தது. நடப்பாள் என்கிறார்கள். மலையில் நடப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அத்தைக்குத் தலை வாரி விட்டாள். பக்கத்துக் கட்டில்காரியின் மருமகள் சரியில்லை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

டிசம்பர் 9, திங்கள்

அம்மா இப்போது பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறாள். தினமும் வேலை இருக்காது. இல்லாத நாளில் வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு தடவை கூட்டுகிறாள்.

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறாள். இனிமேல் மலை இல்லை. அந்த வீட்டுக்கு ஒரு ஆள் சம்பாதிக்க வேண்டும். அஜய்குமார் அண்ணன் ஜீப்பை மறுபடி விட்டுவிட்டார்கள். நேற்று அம்மாவே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. பாண்டீஸ்வரி சொல்லித்தான் தெரியும். பிள்ளையைப் பகலில் நம் வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு.

இன்று விடியுமுன்னே நான் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரையில் வந்துவிட்டது. பாண்டீஸ்வரி. புது ஆள். ஜீப், எஸ்டேட், சேவ் ஆனது. புதுத் திரை வந்த பிறகு ஏறின முதல் புதுப் பெயர்.

அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஜீப் திரும்புகிறவரை பார்த்தாள். உள்ளே வந்து, "விழுந்துச்சா?" என்றாள்.

"விழுந்துச்சும்மா."

"ஓரமா ஒக்காரச் சொல்லிருக்கேன். அந்த எடத்துல ஒக்காந்தா வளைவுல வாந்தி வராது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பால் காய்ச்சப் போனாள்.